வண்டி நின்ற பிறகும் டிக் டிக்

பெட்ரோலையும் மின்சாரத்தையும் ஒரே காருக்குள் குடிவைப்பதுதான் எங்கள் தொழில். நடுவில் சுவர் வைக்க மறந்தால் இரண்டும் சேர்ந்து வீட்டுக்காரரையே காலி செய்துவிடும். பழைய கார் வைத்திருந்து, சித்திரை வெயிலில் நடுரோட்டில் பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு, போகிற வருகிற மாட்டுவண்டிக்காரரிடமெல்லாம் யோசனை கேட்டு நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் புண்ணியம் செய்தவர்கள், அவர்கள் சும்மா படித்துச் சிரிக்கட்டும். அறுபதுகளின் கடைசியில் திருப்பூர் பல்லடம் ரோட்டில் பட்டறை வைத்திருந்தேன். எத்தனையோ வண்டி பார்த்தாலும், ஒரே ஒரு காரால் நான் பட்ட பாடு தனி.

எட்டுத் துணி தூரம்

சென்னியப்பண்ணன் பனியன் கம்பெனி முதலாளி. யுத்தத்துக்கு முந்திய சீமைக் கார் ஒன்றை வாங்கி, பெற்ற பிள்ளையைப் போல வைத்திருந்தார். வெயில் ஏறினால் அந்தக் காருக்கு ஒரு வியாதி. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடும். எஞ்சினோடு ஒட்டியிருக்கும் பழைய பம்பால் ஆவியை இழுக்க முடியாது. வண்டி படுத்துக்கொள்ளும். டிரைவர் வேலுச்சாமி இறங்கி, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுவிட்டு, அது காயும்வரை ஓட்டுவான்.

பனியன் கம்பெனிக் காரில் துணிக்கா பஞ்சம்? டிக்கியில் எப்போதும் ஒரு மூட்டை வெட்டுத் துணி கிடக்கும். தூரத்தை அவர்கள் மைலில் சொல்வதே இல்லை. காங்கேயம் மூன்று துணி, மடத்துக்குளம் எட்டுத் துணி. மடத்துக்குளம் அண்ணனின் மனைவி சரசக்காவுக்குப் பிறந்த ஊர். இந்த நோய்க்கு எலெக்ட்ரிக் பம்பு போட்டுவிடலாம் என்று நான் சொன்னபோது, அண்ணன் யோசிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"போட்டுருங்க மேஸ்திரி. எங்கம்மா ஊட்டுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ஒரு டஜன் பனியனுக்கு ஆகற துணிய இந்த வண்டி குடிச்சுப்போடுதுங்க!"

கிணற்று மோட்டார்

பம்பு வந்தது. அதை எங்கே மாட்டுவது என்பதில் சண்டை வந்தது. பின்னால், பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில், அதைவிடத் தாழ்வாக மாட்ட வேண்டும் என்றேன் நான். பானெட்டைத் திறந்தால் நாலு பேர் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் மாட்ட வேண்டும் என்றார் அண்ணன். இது தள்ளுகிற பம்பு, தூரத்திலிருந்து இழுக்கச் சொன்னால் மூச்சு வாங்கும் என்று ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

கடைசியில் வேலுச்சாமி காப்பாற்றினான். அவன் கொமரலிங்கத்துக்காரன், தோட்டத்தில் வளர்ந்தவன். "கெணத்து மோட்டார மேட்டுல வெச்சா தண்ணி ஏறுமுங்களா? உள்ள எறக்கித் தண்ணிக்குப் பக்கத்துலதானுங்க வெக்கறோம்?" என்றான், அவ்வளவுதான். அண்ணனுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. கொஞ்சம் அதிகமாகவே விளங்கிவிட்டது.

"அப்படீன்னா இத்துனூண்டு பம்பு எதுக்குங்க மேஸ்திரி? அஞ்சு ஹெச்.பி.யாப் பாத்துப் போட்டுருங்க!"

பம்புக்குச் சேதி

பாட்டரி ஒயரைக் கழற்றி, டேங்கைக் காலி செய்து, பட்டறைக்குள் பீடிக்கு நூற்று நாற்பத்துநாலு தடையுத்தரவு போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினேன். சைலன்சர் பக்கமே போகாமல் குழாயைக் கொண்டுபோனேன். ஒயருக்கு ஒரு பியூஸ் வைத்தேன். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எஞ்சினில் ஆயில் பிரஷரைப் பார்த்து வேலை செய்கிற ஒரு சுவிட்ச் போட்டேன். எஞ்சின் எந்தக் காரணத்தால் நின்றாலும் ஆயில் பிரஷர் இறங்கும், பம்பும் தானாக நின்றுவிடும். எஞ்சின் ஓடத் தொடங்கும்வரை பிரஷர் இருக்காதே, அதனால் ஸ்டார்ட் செய்கிற நேரத்துக்கு மட்டும் பம்புக்குத் தனி ஒயர்.

பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்த சரசக்கா, அடியில் என்ன டிக் டிக்கென்று சத்தம் என்று கேட்டார். பம்பு அடிக்கிற சத்தம் என்றேன். எஞ்சின் ஓடும்போது அடித்தால் நல்லது, நின்ற பிறகும் விடாமல் அடித்தால் பெட்ரோல் எங்கேயோ வெளியே கொட்டுகிறது என்று அர்த்தம், அப்படி ஆகாமல் இருக்கத்தான் இந்தச் சுவிட்ச் என்று விளக்கினேன். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அண்ணனுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"எஞ்சின் நின்னா நமக்கே தெரியுமுங்களே மேஸ்திரி. அத பம்புக்கு வேற எதுக்குங்க சொல்லிக்கிட்டு?"

நல்ல தண்ணி

ஒரு மாதம் வண்டி சிட்டாகப் பறந்தது. பிறகு ஒருநாள் மாட்டில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். திறந்து பார்த்தால் கார்புரேட்டர் நிறையத் தண்ணீர். மழை இல்லை, ஆற்றில் இறங்கவும் இல்லை. வேலுச்சாமியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விசாரித்தேன். வழியில் டேங்க் காலியாகியிருக்கிறது. கேனில் பெட்ரோல் வாங்கி ஊற்றியும் வண்டி உடனே எழவில்லை. கிணற்றுப் பம்பு தண்ணீர் எடுக்காவிட்டால் குழாயில் சாணித் தண்ணீர் ஊற்றி எடுக்க வைப்பார்களே, அந்த வைத்தியத்தை இதற்கும் செய்திருக்கிறான். பெட்ரோல் குழாயைக் கழற்றி அரைச் செம்பு ஊற்றிவிட்டான்.

நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்ட வேண்டும் என்பதால், நாலு 'ங்க' போட்டுத் திட்டினேன். அவன் மூஞ்சி சுண்டிப்போய்விட்டது.

"நானென்ன கூறுகெட்டவனுங்களா? சாணி கலக்கவே இல்லீங்க, நல்ல தண்ணிதானுங்க ஊத்துனேன்!"

அரை அடிக் கம்பி

அடுத்த முறை வண்டி ஆயில் மாற்ற வந்தபோது, என் சுவிட்சின் இரண்டு முனைகளையும் அரை அடிச் செம்புக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தது. அதாவது சாவியைத் திருப்பினாலே பம்பு ஓடும்; எஞ்சின் நின்றாலும் ஓடிக்கொண்டே இருக்கும். நாலு நாள் சும்மா நின்ற வண்டியை எழுப்ப ஸ்டார்ட்டரை ரொம்ப நேரம் போட வேண்டியிருக்கிறது என்று வேலுச்சாமி செய்த கைவேலை. அண்ணனுக்கும் சம்மதம்.

கம்பியை எடுக்கப் போன என் கையை அண்ணன் பிடித்துக்கொண்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எக்கேடாவது கெட்டுப் போங்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பானெட்டைச் சாத்தினேன். நான் செய்த தப்பு அதுதான். கையை உதறிவிட்டு அந்தக் கம்பியைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

"இப்பத்தானுங்க மேஸ்திரி தொட்டதும் எந்திரிக்குது. மறுக்கா அதத் தூங்க வெச்சுப்போடாதீங்க!"

சூடம்

ஆடி மாதம் மூன்று பேரும் மடத்துக்குளம் போனார்கள். ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போது காளை ஒன்று குறுக்கே பாய, வேலுச்சாமி வண்டியை ஒடித்துத் திருப்பி, காய்ந்த வாய்க்காலில் இறக்கிவிட்டான். எஞ்சின் நின்றது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. முருகன் காப்பாற்றினான் என்று அண்ணன் உருகிப்போய், கோயிலுக்கு வைத்திருந்த தேங்காயையும் சூடத்தையும் எடுத்தார். கண்ணேறு கழிய வண்டிக்குச் சுற்றிப்போட வேண்டாமா? தேங்காய்மேல் சூடத்தை வைத்து, தீப்பெட்டியைத் திறந்தார்.

அப்போது சரசக்கா காதில் விழுந்திருக்கிறது, டிக் டிக். வண்டி நின்ற பிறகும் டிக் டிக். புருஷன் கையை ஒரே தட்டாகத் தட்டி, தீப்பெட்டியை ரோட்டுக்கு அந்தப் பக்கம் பறக்கவிட்டார். பிறகு ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. குனிந்து பார்த்தால், கல்லில் மோதிக் குழாய் கிழிந்து, வண்டிக்கு அடியில் மண் முழுக்கப் பெட்ரோல்.

சேதி கேட்டு மறுநாள் நான் போய் அந்த மண்ணைப் பார்த்தேன். மூன்று உயிர். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சரசக்கா தனியாகப் பட்டறைக்கு வந்தார். வேலுச்சாமியிடம் நடந்ததை முழுக்கக் கேட்டு, அவன் கையாலேயே கழற்ற வைத்து, முந்தானையில் முடிந்துவைத்திருந்த அந்த அரை அடிக் கம்பியை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இத வெச்சது வேலுச்சாமிங்க, செரீன்னது எங்க ஊட்டுக்காரருங்க, பாத்துப்போட்டுப் பேசாம இருந்தது நீங்க. இப்பச் சொல்லுங்க மேஸ்திரி, மூணு பேத்துல ஆருக்குங்க மொதல்ல சுத்திப்போடோணும்?"

அன்றிலிருந்து யார் கையைப் பிடித்தாலும் அந்தச் சுவிட்ச் இல்லாமல் என் பட்டறையிலிருந்து ஒரு வண்டியும் வெளியே போனதில்லை. டிக் டிக் விஷயத்தை மட்டும் பின் சீட்டில் இருப்பவரிடம்தான் விளக்குவேன், முன் சீட்டுக்காரர்களுக்குக் காது கேட்டு நான் பார்த்ததில்லை.