கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்த ஆள், ஓவியப் பள்ளியே நடத்தினார் என்றால் சும்மாவா? இருபத்தாறு வருஷம். மாடியில் மூன்று அறை, மேலே தகரக் கூரை. அதற்கு முன்னால் பெயர்ப்பலகை எழுதினார். கடைத்தெருவில் அவர் பிரஷ் படாத கடை கிடையாது. பால் கடைச் சுவரில் அவர் போட்ட பசுவிடம் நிஜக் கன்று ஒன்று மடி தேடி முட்டியது. பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் புள்ளி சார். அங்கே வரைந்த படத்தை அன்றே யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. கம்பியில் கிளிப் போட்டுக் காயவிட வேண்டும். எல்லோரும் போன பிறகு சார் மூன்றாம் நம்பர் பிரஷை எடுப்பார். கோணல் மூக்கை நிமிர்த்துவார், மரத்துக்கு நிழல் கொடுப்பார், கடைசியாகக் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி வைப்பார். படம் எழுந்து உட்கார்ந்துவிடும். மறுவாரம் பார்க்கும் தாய் தகப்பன், "நம்ம பிள்ளையா போட்டான்?" என்று வாயைப் பிளப்பார்கள். எந்தப் பிள்ளையும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர் கட்சி.

கல்லூரிக்குப் போய் ஓவியம் படித்த மகள் வேறு கட்சி. ஆறு வருஷமாகப் பாதி வகுப்பு அவள்தான் எடுக்கிறாள். சாரின் வலது தோள் மேலே எழும்ப மறுத்து இரண்டு வருஷம் ஆகிறது. வர்ண ஜாடி கழுவிக் கழுவி மனைவியின் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது.

பிள்ளைகளின் படங்களை வைக்கும் வருஷாந்தரக் கண்காட்சிக்கு முந்தின வாரம் மகள் நேராகவே சொன்னாள்.

"அப்பா, பெரிய பள்ளிக்கூடத்துல என்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

"போறியா?"

"பசங்க படத்துல நீங்க கை வைக்கலைன்னா இங்கயே இருக்கேன். ஒண்ணே ஒண்ணுல வெச்சாலும் கிளம்பிடுவேன். போன வாரம் அந்த டாக்டர் வீட்டுப் பொண்ணு என்ன கேட்டா தெரியுமா? 'சார் எப்படியும் போட்டுடுவாரே மிஸ், நான் எதுக்கு மூக்கு போடணும்?'ங்கறா."

அவள் போனால் மூன்றே மாதத்தில் மாடிக்குப் பூட்டு. அது அவருக்கும் தெரியும்.

"சரி, தொடலை" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மகள் கண்காட்சிக் கூடத்துக்குப் பலகைகளைக் கொண்டுபோயிருந்தாள். கம்பியில் நாற்பத்து மூன்று படங்கள். சார் கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு மஞ்சள் குதிரை. எண்ணிப் பார்த்தார். ஐந்து கால்.

"அஞ்சாவது உனக்கு எதுக்குடா?" என்று குதிரையிடமே கேட்டார். தொடவில்லை.

ஜாடிகளை வாரிக்கொண்டு போன மனைவி நின்றாள். "என்னங்க, பல் வலிக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க? கீழ போய்ப் படுங்களேன்."

"காவலுக்கு இருக்கேன்."

"எதுக்குக் காவல்?"

"என் கைக்கு."

கடைசிக் கிளிப்பில்தான் வினை இருந்தது. பெரிய தாள். ஸ்டூலில் தோள் தொங்கிப்போய் ஒரு கிழவர். இரண்டு கையும் மடியில் கிடக்கின்றன. பெரிய பசங்களில் எவனோ ஒரு காவல்காரரைப் பார்த்துப் போட்டிருக்கிறான் என்று நினைத்தார். கை நன்றாக ஓடியிருந்தது. ஆனால் கண் இரண்டும் ஷட்டர் இறக்கிய கடை மாதிரி இருந்தன. இவ்வளவு போட்டவன் இதை மட்டும் விட்டுவிட்டானே! மற்றதையெல்லாம் பொறுத்தவருக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. எழும்பாத வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்து, இரண்டு புள்ளி வைத்தார்.

நாலு மணிக்கு மகள் வந்தாள். கம்பியின் கோடியில் போய் நின்றாள்.

"இதை யாரு தொட்டது?"

"நல்ல கை அது. கண்ணு மட்டும் செத்துக் கிடந்தது. லேசா..."

"நான் போட்டதுப்பா. வகுப்பு முடிஞ்சு நீங்க உட்கார்ந்திருக்கறதை ஒரு மாசமாப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அந்தக் கண்ணுக்கு மட்டும் பத்து நாள்."

சார் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். அங்கேயும் இல்லை.

"இவ்வளவு ஓய்ஞ்சா போயிட்டேன்?"

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"நில்லுடி" என்றாள் மனைவி, ஈரக்கையோடு வந்து. "பசங்க படத்தைத் தொடக்கூடாதுன்னுதானே சொன்னே? அது நாப்பத்திரெண்டும் அப்படியே இருக்கு, போய்ப் பாரு. இது உன் படம். சொந்த மூஞ்சியையே அடையாளம் தெரியாம திருத்தின மனுஷனை வேற என்னடி பண்றது?"

மகள் கம்பியோடு நடந்து பார்த்தாள். கோணல் மூக்குகள் கோணலாகவே இருந்தன. ஐந்து கால் குதிரை முன்னால் வெகுநேரம் நின்றாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஸ்டூல்ல உட்காருங்கப்பா. கண்ணைத் திரும்பப் போடணும்."

"திங்கக்கிழமை...?"

"வரலைன்னு சொல்லிடறேன். முதல்ல அந்த மூணாம் நம்பர் பிரஷைக் குடுங்க."

சட்டையில் துடைத்துக் கொடுத்தார். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத கைகள் மடியில் விழுந்தன.

"கொஞ்சம் தெம்பா பார்க்கட்டுமா?"

"வேண்டாம். எப்பவும் போல இருங்க."

அதற்கு அவர் ஒன்றும் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை.