தின்றதெல்லாம் எங்கே போகிறது

வண்டியில் ஏறியதும் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார். வெறுங்காலில்தான் பஸ் ஓட்டுவார். கேட்டால், "பிரேக்கு எவ்வளவு புடிக்குதுன்னு பாதத்துக்குத் தெரியணும்யா. நடுவுல தோலு என்னத்துக்கு?" என்பார். பணிமனையில் அவருக்குப் பெயர் 'இன்னுங்கொஞ்சம்'. கேன்டீனில் பரிமாறுகிறவர் கரண்டியோடு நகர்வதற்குள் அந்த வார்த்தை வந்து விழுந்துவிடும். ஆளும் அதற்கேற்ற ஆகிருதி. அவர் சாப்பிடுவதைப் பார்த்தால் சாப்பிட்டு முடித்தவனுக்கும் பசிக்கும்.

அந்த உடம்பு கொஞ்ச காலமாக வெளுத்துக்கொண்டு வந்தது. பஸ் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. நாக்கு வழவழவென்று சிவந்து, காரம் பட்டால் எரிந்தது. மனைவி ஈரலும் பீட்ரூட்டுமாகச் சமைத்துத் தள்ளினார். மருந்துக்கடை டானிக் வேறு. எல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

ஒருநாள் அவர் வீட்டுக்குள் நுழையும்போது மனைவி கேட்டார்: "ஒத்தைச் செருப்போட எங்கேர்ந்து வர்றீங்க?"

குனிந்து பார்த்தார். இடது கால் வெறுமையாக இருந்தது. செருப்பு எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. சிரித்து மழுப்பினார். மனைவி சிரிக்கவில்லை, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சாப்பாட்டுல குறை இல்லீங்க. பி12னு ஒரு வைட்டமின். அதை உடம்பு எடுத்துக்கறதுக்கு வயித்துல ஒண்ணு சுரக்கணும். உங்களுக்கு அது சுரக்கல. ரத்தம் குறைஞ்சதும் ரெண்டு காலும் மரத்துப் போனதும் அதனாலதான். ஊசிதான் வழி, விடாம போட்டுக்கணும். காலுல உணர்ச்சி திரும்புற வரைக்கும் பஸ்ஸைத் தொடாதீங்க."

ஊசியைப் போட்டுக்கொண்டார். ஆனால் வழியெல்லாம் பொருமல்தான். "சாப்பிடாதவனுக்குத்தான்டி ரத்தம் கொறையும். என் வயித்தையே குறை சொல்றாரு மனுஷன்!"

"பஸ்ஸைத் தொடக் கூடாதுன்னாரே, அது காதுல விழுந்துச்சா?"

"காலு மரத்தா என்ன, கண்ணு இருக்குல்ல?"

மறுநாள் வழக்கம்போல் வேலைக்குக் கிளம்பிவிட்டார். சாப்பாட்டைப் போலவே பிடிவாதத்திலும் அவர் குறைவைத்ததில்லை.

ஒரு நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் சாலையில் இறங்கி நின்றிருந்தாள். பிரேக்கை மிதித்தார். மிதித்ததாகத்தான் நினைத்தார். வண்டி அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், பாதம் பெடலுக்குப் பக்கத்தில் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. காலை இழுத்து ஓங்கி மிதித்தார். பஸ் குலுங்கி, நிறுத்தத்தைத் தாண்டிப்போய் நின்றது. அவள் எப்படியோ நடைபாதைக்குத் தாவியிருந்தாள். அங்கிருந்தே அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டினாள். குழந்தை வீறிட்டது.

கண்டக்டர் முன்னால் ஓடிவந்தார். "என்னண்ணே, தூங்கிட்டீங்களா?"

அத்தனை வருஷத்தில் ஸ்டீயரிங்கின் முன்னால் உட்கார்ந்து அவர் பயந்தது அன்றுதான். இன்ஜினை அணைத்தார்.

"வேற டிரைவரை வரச் சொல்லுப்பா. எனக்குக் காலு தெரியல."

பயணிகள் முணுமுணுத்தார்கள். சிலர் இறங்கி நடந்தார்கள். மாற்று ஓட்டுநர் வந்து சேர்ந்தார், குள்ளமான ஆள். ஏறி உட்கார்ந்தவருக்குக் கால் சரியாக எட்டவில்லை. 'இன்னுங்கொஞ்சம்' தானே இருக்கையை முன்னால் தள்ளிக் கொடுத்தார்.

"மிதி, பாப்போம்" என்றார்.

அந்தக் கால் பிரேக்கின் மேல் முழுசாகப் பதிகிறவரைக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.