சதுப்பு நிலத்துக்கு முதலிடம்

"கப்பலையே பாக்காத பொண்ணு துறைமுகத்துக்கு பிளான் போடப் போவுதா?" எனக்கு வேலை கிடைத்த அன்று எதிர்வீட்டு அண்ணன் சிரித்தார்.

"நீ இன்னா, தெனம் கப்பல்லதான் வேலைக்குப் போயினு கீறியா?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அனகாபுத்தூரில், அடையாற்று வெள்ளம் விட்டுப்போன கறை படிந்த சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் படித்தேன். இப்போது தாம்பரத்தில், துறைமுகங்களுக்குத் திட்டம் தயாரிக்கும் அலுவலகத்தில் இருக்கிறேன்.

ஒரு துறைமுகத்தில் கண்டெய்னர்களை இறக்கி அடுக்கும் புதிய யார்டுக்கு மூன்று இடங்களை ஒப்பிட்டோம்; அதில் ஒன்று சதுப்பு நிலம். செலவு, சாலை, வெள்ளம் ஆகியவற்றில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதன் பிறகே மதிப்பெண் போட வேண்டும். அப்படிப் போட்டதில் சதுப்பு நிலம் கடைசியாக வந்தது.

"வெள்ளத்தோட வெயிட்டேஜைக் கொஞ்சம் குறைச்சிடலாம்மா. கிளையன்ட்டுக்கு அந்த இடம்தான் வேணுமாம்" என்றார் மேலாளர்.

"அங்க மண்ணு கொட்டினா தண்ணி பக்கத்துல இருக்கிற வீடுங்களுக்குள்ளதான் சார் போகும்."

"நம்ம ரிப்போர்ட்டுக்குள்ள வராதும்மா."

அவரே வெயிட்டேஜ் எண்களை மாற்றினார். சதுப்பு நிலம் முதலிடத்துக்கு வந்தது.

அறிக்கையின் முதல் பக்கத்தில், தயாரித்தவர்கள் வரிசையில் என் பெயரும் இருந்தது. என் பெயரை அச்சில் பார்ப்பது அதுவே முதல் முறை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய எண்களைத் திரும்ப வையுங்கள், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று மேலாளருக்கு எழுதி, இன்று காலை அனுப்பிவிட்டேன்.