ஆதிசேஷனுக்குக் கண் திறந்த மேஸ்திரி

திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் ரோட்டில் ஒரு கேளிக்கைப் பூங்கா. அதில் 'வைகுண்டம்' என்ற பகுதியை இழுத்து மூடியதற்குக் காரணம் செங்கல்வராயன்தான் என்று டீக்கடையில் பேச்சு. பாம்பு ராட்டினத்துக்கு மந்திரம் சொல்லிக் கண் திறந்துவிட்டாராம், பொம்மை சாமியாகிவிட்டதாம். பத்திரிகைக்காக விசாரிக்க அவருடைய ஊரான கங்காதர நெல்லூருக்குப் போனேன்.

"மந்திரம் எனுக்கு எங்க சார் தெரியும்? ரெண்டு கோட்டு பெயின்ட் அடிச்சேன்," என்றார் செங்கல்வராயன். மறுத்தாரே தவிர, முகத்தில் வருத்தமே இல்லை.

இவருடைய நைனா அடுத்தவர் நிலத்தில் கூலி. இவர் தொண்ணூற்றிரண்டில் சென்னைக்குப் போய், ஃபைபரில் தண்ணீர்த் தொட்டி செய்யக் கற்று, பிறகு படகு, பிறகு கடை வாசல் பொம்மை என்று முன்னேறினார். பூங்கா கம்பெனி ஜீப் அனுப்பி அழைத்து வந்தது. நைனாவை "டேய்" என்று கூப்பிட்ட தெருவில் மகன் 'மேஸ்திரி' ஆனார்.

கம்பெனி ஏற்கெனவே சர்வே எடுத்திருந்தது. திருப்பதி வரும் ஜனங்களுக்கு என்ன பிடிக்கும்? சாமி. சாமியின் மேல் உட்காரப் பிடிக்குமா என்று மட்டும் கேட்கவில்லை.

செங்கல்வராயன் செய்த ராட்டினம் ஐந்து தலை ஆதிசேஷன், வளைந்த உடம்பு முழுக்க சீட்டு. திறப்பு நாளில் மொட்டைத் தலைகளோடு வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே நுழைந்தார்கள். முதல் ரவுண்டு மனைவி கமலம்மாவுக்கு என்று செங்கல்வராயன் வாக்குக் கொடுத்திருந்தார். அந்தம்மா ஒரு காலை வைத்ததும் பின்னாலிருந்து குரல்: "ஏம்மா, பெருமாள் படுக்கிற இடத்துல காலை வெக்கிறியே?" இறங்கிவிட்டார். அப்புறம் ஒருவரும் ஏறவில்லை. வாலருகே யாரோ கற்பூரம் ஏற்ற, மேனேஜர் பக்கெட்டோடு ஓடினார். பக்கத்துத் தண்ணீர்ச் சறுக்கலில் அதே மொட்டைகள் கத்தித் தீர்த்தார்கள். மலையில் பக்தியை முடித்துவிட்டு வந்தவர்களுக்குக் கொஞ்சம் கத்த வேண்டியிருந்தது.

"ஏமய்யா மேஸ்திரி, கொஞ்சம் அசிங்கமா செஞ்சிருக்கக் கூடாதா?" என்றார் மேனேஜர்.

"அசிங்கமா செய்ய நான் கத்துக்கல சார்."

தலைகளை வெட்டி முதலையாக்கு, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். வெட்டினார். முதலை மூச்சு விடுவதுபோல் வந்தது. முதலில் வந்த குடும்பமே நின்றுவிட்டது. "கஜேந்திரன் காலைக் கவ்வின முதலை. பெருமாள் கையால மோட்சம் வாங்கினதாச்சே." கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வைகுண்டம் மூடப்பட்டது.

"பார்க்கைக் கெடுத்தவன்னு பேராயிடுச்சி, இனிமே எவன் வேலை குடுப்பான்னு பயந்துகினு இருந்தேன்," என்றார். நடந்தது வேறு. கண் திறக்கத் தெரிந்தவர் என்ற பேச்சு ராமகுப்பம் முதல் தடா வரை பரவி, கோயில் கோயிலாகச் சிங்கமும் மயிலும் கேட்டு ஆள் வருகிறது. "நல்லா இல்லாம மூடல சார். ரொம்ப நல்லா இருந்துதான் மூடினாங்க."

"மந்திரம் எல்லாம் பொய் என்று எழுதிவிடட்டுமா?"

"மெதுவா எழுதுங்க சார். தையில மூணு ஆர்டர் கீது."

உள்ளேயிருந்து கமலம்மா: "ஊருக்கெல்லாம் செய்யிறாரு. எனுக்கு ஒரு ரவுண்டு சுத்திக் காட்றேன்னாரே, அது இன்னா ஆச்சின்னு கேளுங்க சார்."

கேட்டேன்.

"அது பாக்கிதான்," என்று சொல்லிவிட்டு, மயிலின் கழுத்துக்கு நீலம் கலக்கப் போய்விட்டார்.