ஐந்து கிலோ பாரம்

"தொடை எலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது" என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னபோது, அவர் வேறு யாருடைய எக்ஸ்ரே படத்தையோ பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தேயிலைக் கொழுந்து மலையில் தண்ணீர் ஓடும் கானுக்குள் வழுக்கி விழுந்தவர், அதன்பிறகு மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறார். கம்பஸிலிருந்து நான் வந்தபோது காலை இழுத்து இழுத்து நடந்தார். "சதை பிடிச்சிருக்கு. நடந்தாத்தான் விடும், நடங்கம்மா" என்றேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். நான் ஒன்றைச் சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. எங்கள் லயத்து வீட்டிலிருந்து மேலே ரோட்டுக்கு நூறு படிக்கு மேல் இருக்கும். அத்தனையும் ஏற வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்கு பஸ் பிடித்தேன். "வலி எப்படி?" என்று டாக்டர் கேட்டதற்கும் "கொஞ்சம்தான்" என்று நானே பதில் சொல்லியிருந்தேன்.

முறிந்த முனைகள் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டதால் எலும்பு அசையாமல் நிற்கிறதாம். கத்தி வைக்கத் தேவையில்லை. ஆறு வாரம் ஊன்றுகோல், இடையிடையே படம். ஆனால் அந்தக் காலில் ஐந்து கிலோவுக்கு மேல் பாரம் விழக் கூடாது. எலும்பு நழுவினால் ஆபரேஷன்தான்.

நான் ஏற வைத்தது நூறு படி.

பயிற்சி கொடுக்கும் மிஸ், ஆள் நிறை பார்க்கும் தராசைத் தரையில் வைத்து, முறிந்த காலை அதன்மேல் ஐந்து கிலோ வரை மெல்ல அழுத்தச் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்தபடியே அழுத்தினார். முள் ஐந்தில் நின்றது. மிஸ் மறுபடி அழுத்தச் சொன்னார். மறுபடியும் ஐந்து.

"முள்ளப் பாக்கவே இல்லையேம்மா" என்றேன்.

"முப்பது வருசமா கூடை தூக்குறேன். அஞ்சு கிலோ தெரியாதா?" மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்தார். "எங்க படிச்ச தொரைக்குத்தான் முள்ளு வேணும்."

"அப்ப அந்தப் படி ஏறுறப்ப?"

"ஒவ்வொரு படிக்கும் தெரிஞ்சுச்சு, இந்தக் காலு தாங்காதுன்னு. நீதானே நடக்கச் சொன்ன."

குற்றமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அன்று வீடு திரும்பும்போது பக்கத்து லயத்து அண்ணன்மார் அவரை நாற்காலியில் வைத்துப் படியிறக்கினார்கள். ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

ஆறாவது வாரப் படத்திலும் எலும்பு நகரவில்லை. இனிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் வைக்கலாம் என்ற டாக்டர், "வலி இருக்கிறதா?" என்று வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினேன்.

"வலிக்குதான்னு கேக்குறாங்கம்மா."

அம்மா ஊன்றுகோலைத் தளர்த்தி, அந்தக் காலைத் தரையில் வைத்துப் பார்த்தார்.