வலை வீசாமல் போன என் பாடு

இன்று ஏரியில் வலை வீசும் பாடு எனக்கு. விட்டால், ஊரில் எல்லோர் முறையும் முடிந்த பிறகுதான் மறுபடி வரும்.

போனால், கோட்டையிலிருந்து வந்த ஒல்லாந்துக்காரர் உவர்ச்சேற்றில் அமர்ந்து படம் எழுதிக்கொண்டிருந்தார். சேற்றில் சிவந்து கிடந்த உமரிச் செடியின் தண்டை ஒடித்துக் காகிதத்தின் அருகில் பிடித்து, அதே சிவப்பு வரும்வரை வண்ணம் குழைத்தார்.

என்னைக் கண்டதும் பூநாரைகளைக் காட்டி, வாயில் விரல் வைத்தார். வலை விழுந்தால் அவை பறந்துவிடும்.

நின்றேன். சேறும் தண்ணீரும் வானமும் மெல்ல மெல்லக் காகிதத்தில் இறங்கின. வெயில் சாய்ந்ததே தெரியவில்லை.

வீட்டுக்காரி காலி மீன்பறியைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா, மீன் எங்க?"

"படத்துல, தண்ணிக்கு அடியில கீதுடி."

"அப்ப சோத்தையும் அவரையே எழுதித் தரச் சொல்லு."

நாளைக்குப் பாடு யாருக்கப்பா? கொஞ்சம் பொறுத்து வீசுங்கள். பூநாரைக்கு இன்னும் கால் எழுதவில்லை.