கோவிந்தண்ணனுக்குத் தோள் மாற்றியது

கோவிந்தண்ணன் போய்விட்ட செய்தியை அவருடைய எதிர்வீட்டு மல்லேஷ்தான் வந்து சொன்னார். நான் இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன். "பெத்தாயன போயாரம்மா" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார். வாசலில் ஸ்கூட்டர் நிறுத்துவதற்காக அண்ணனோடு தினமும் சண்டை போட்ட மனிதர் அவர். அன்றைக்கு அவர் கண் கலங்கியிருந்தது.

நாங்கள் பிழைக்க வந்த இந்தத் தெலுங்கு ஊரான லோத்குண்டாவில் அண்ணனைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் எங்கள் ஊரும் தெரிந்திருக்கும். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லாமல் விடமாட்டார். "இன்னா கீது உங்க ஊர்லன்னு கேக்கறியா? டீயை ஆந்திராவுல வாங்கி, தமிழ்நாட்டுல குந்திக் குடிக்கலாம்டா!" என்பார். குடியாத்தத்துக்கு அப்பால், மாநில எல்லைக்கல் தெரு நடுவிலேயே நிற்கிற ஊர் அது. ஏரிக்கரை எங்களுடையது, மதகு தெலுங்குக்காரர்களுடையது. நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோதுதான் அந்தக் கல்லை நட்டார்கள். அந்தச் சரித்திரத்தையும் அண்ணன் தன் பாணியில்தான் சொல்வார்: "கோடு போட வந்தவங்களுக்கு விருந்து வெச்சோம். நல்லா சாப்ட்டுட்டு ஊரை ரெண்டாக்கிட்டுப் போய்ட்டாங்கோ."

ஒரு தடவை எங்கள் பேரப்பிள்ளைகளையெல்லாம் வேன் வைத்து ஊருக்கு அழைத்துப் போனார். மிலிட்டரிக்காரர்களைப் பார்த்து வளர்ந்த லோத்குண்டா பிள்ளைகள் அல்லவா, எல்லை என்றதும் துப்பாக்கியைத் தேடினார்கள். என் பேத்தி, "தாத்தா, ஆர்மி கஹான் ஹை?" என்று ஆர்மி எங்கே என இந்தியில் கேட்டாள். கல்லில் கட்டியிருந்த ஆட்டைக் காட்டி, "அதோ, ட்யூட்டில நிக்குது பாரு!" என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் பிள்ளைகள் கண்ணில் பட்ட ஆட்டுக்கெல்லாம் சல்யூட் அடித்துக்கொண்டே வந்தார்கள்.

ஊரில் எல்லாவற்றையும் விட அவர் பெருமையாகச் சொன்னது ஒரு வழக்கத்தை. எங்கள் சுடுகாடு கல்லுக்கு அந்தப்பக்கம் போய்விட்டது. அதனால் தமிழ்க்காரர் இறந்தால் கல் வரைக்கும் நாங்கள் தூக்குவோம். கல்லருகில் பாடையை இறக்கினால், அங்கிருந்து தெலுங்குக்காரர்கள் தோள் கொடுப்பார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, அவர்களே வந்து நிற்பார்கள். ஊர் பேச்சு வரும்போதெல்லாம் அண்ணன் கடைசியில் இங்கேதான் வந்து முடிப்பார். "இந்த ஊர்ல கல்லும் இல்ல, ஒண்ணும் இல்ல. என்னை யாரும்மா மாத்தி எடுப்பாங்கோ? நீதான் பாத்துக்கணும்" என்று போன பொங்கலன்றுகூடச் சொன்னார். "நல்ல நாள்ல பேசற பேச்சா இது?" என்று அதட்டிவிட்டு வந்தேன்.

அவர் மகன் சேகர் சுடுகாட்டுக்குப் போக வண்டி சொல்லியிருந்தான். "வண்டி வாசலுக்கே வந்துடும் அத்தை, தூக்கவே வேணாம்" என்றான். வண்டி தெருமுனையில் நிற்கட்டும், அது வரைக்கும் தூக்கித்தான் போகவேண்டும் என்றேன். ஐந்தாவது வரை படித்தவள் சொன்னால் யார் கேட்பார்கள்? "டயம் ஆகுது அத்தை, சென்டிமென்ட் பாக்காதீங்க" என்றான். "உங்கப்பன் கேட்டது இது ஒண்ணுதான்டா" என்றேன். அதற்குப் பிறகுதான் டிரைவருக்குப் போன் போட்டு முனையிலேயே நிற்கச் சொன்னான்.

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம். அங்கே டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் பாடையை இறக்கச் சொன்னேன். இறக்கினார்கள். எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே யார் கண்டார்கள்? மாற்றித் தோள் கொடுக்க யாரும் வரவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணனிடம் நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன் என்று நினைத்தேன்.

அப்போது மல்லேஷ் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் வந்தார். "தினமும் வாசல்ல உக்காந்து இந்தக் கதைதானேம்மா எனக்குச் சொன்னாரு" என்று தெலுங்கில் சொன்னார். சேகர் தோளில் கை வைத்து, "நுவ்வு ஜருகு, நேனு பட்டுகுண்டா" என்று அவனை விலக்கிவிட்டு, அவன் பிடித்த இடத்தில் தோள் கொடுக்கக் குனிந்தார். அவருக்குப் பின்னால் காய்கறிக் கடைக்காரர் வந்தார். மேல்மாடிப் பையன்கள் வந்தார்கள். அண்ணனை வண்டி வரைக்கும் அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அண்ணனுடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. சந்தையிலிருந்து வரும்போது டிரான்ஸ்பார்மர் அருகில் கால் தானாக நிற்கிறது. காய்கறிப் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறேன்.